4 கோடிக்கு தோனி... லாபமா, நஷ்டமா? டீக்கடை சண்டைக்கு ஒரு கணக்கு!

திருப்பரங்குன்றம் பதினாறு கால் மண்டபம் பக்கம் போய் ஒரு டீயைச் சொல்லிட்டு, "தோனி இன்னும் ஆடணுமாண்ணே?"ன்னு சும்மா கேட்டுப் பாருங்க. டீ வர்றதுக்குள்ள கடை ரெண்டாப் பிரிஞ்சிடும்.

"அவர் வந்து நின்னாலே போதும்ப்பா, காசு வசூலாகிடுச்சு" என்பார் ஒருத்தர். "நின்னா போதுமா? அடிக்கணும்ல? முட்டி வலியோட எதுக்குண்ணே இந்த வேலை?" என்பான் பக்கத்தில் மொபைலை நோண்டிக்கொண்டிருக்கும் காலேஜ் தம்பி. மூணாவதா ஒருத்தர், "நாலு கோடிதானே, விடுங்கப்பா" என்று சமாதானம் பேசுவார். அந்த மூணாவது ஆள் சொல்கிற 'நாலு கோடிதானே'வில்தான் விஷயமே இருக்கிறது.

2025 சீசனுக்கு முன்னால் சென்னை சூப்பர் கிங்ஸ் தோனியை 4 கோடிக்குத் தக்கவைத்தது. அந்த சீசனில் அணி பத்தாவது இடம். அதாவது கடைசி. ஐபிஎல் வரலாற்றில் சி.எஸ்.கே கடைசி இடத்தில் முடித்தது அதுதான் முதல் முறை. அப்படியும் 2026-க்கு அதே 4 கோடிக்கு மறுபடியும் தக்கவைத்திருக்கிறார்கள். 1981 ஜூலை 7-ம் தேதி பிறந்தவருக்கு 2026 சீசன் தொடங்கும்போது 44 வயது.

இது சரியான முடிவா? 'தல' பாசத்தைக் கொஞ்ச நேரம் பாக்கெட்டில் போட்டுவிட்டு, 'போதும் சாமி' கோபத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம் வாங்க.

நாலு கோடின்னா நிஜமா எவ்வளவு?

நமக்கு நாலு கோடி என்பது ஏழு தலைமுறைக் காசு. ஆனால், ஐபிஎல் அணிக்கு அப்படியில்லை. அங்கே பார்க்க வேண்டியது மொத்தப் பர்ஸில் ஒருவருக்குப் போகும் பங்கை.

2008-ல் முதல் ஏலம். ஒவ்வொரு அணிக்கும் 50 லட்சம் டாலர்தான் பர்ஸ். அதில் 15 லட்சம் டாலரை, நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 6 கோடி ரூபாயை, தோனி ஒருவருக்கே தூக்கிக் கொடுத்தது சென்னை. அந்த ஏலத்தில் அதுதான் மிக அதிக விலை. கையில் இருந்த காசில் 30 சதவிகிதம்!

2018-ல் இரண்டு வருடத் தடை முடிந்து அணி திரும்பி வந்தபோது 80 கோடி பர்ஸில் தோனிக்கு 15 கோடி. சுமார் 19 சதவிகிதம். 2022-ல் 90 கோடியில் 12 கோடி. சுமார் 13 சதவிகிதம். அந்த முறை முதல் இடத்தை ஜடேஜாவுக்குக் கொடுத்தார்கள், அவருக்கு 16 கோடி. 2025-ல் 120 கோடியில் 4 கோடி. 3.3 சதவிகிதம்தான். 2026-ல் பர்ஸ் 125 கோடியாக ஏறியதால் பங்கு 3.2 ஆக இறங்கியிருக்கிறது.

30-ல் ஆரம்பித்து 3-ல் வந்து நிற்கிறது. வயது ஏற ஏற பர்ஸில் அவருடைய பங்கைக் குறைத்திருக்கிறார்கள். பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இதைவிட நிதானமான கொடுக்கல் வாங்கல் இருக்க முடியாது.

538 மேட்ச் ஆடியவர் 'அன்கேப்டு' ஆன கதை

சரி, எப்படி இவ்வளவு மலிவாகக் கிடைத்தார்? அதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது.

இந்திய அணிக்காக ஆடாத உள்ளூர் வீரர்களைத்தான் 'அன்கேப்டு' என்பார்கள். அவர்களைத் தக்கவைக்க 4 கோடிதான். ஐந்து காலண்டர் வருடங்களாக சர்வதேசப் போட்டியில் களமிறங்காத, பிசிசிஐ ஒப்பந்தத்திலும் இல்லாத இந்திய வீரரையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம் என்று ஒரு பழைய விதி இருந்தது. 2021-ல் அதைத் தூக்கிவிட்டார்கள். 2025 சீசனுக்காகத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

தோனி கடைசியாக இந்தியாவுக்கு ஆடியது 2019 ஜூலை, ஓல்டு டிராஃபோர்டு உலகக் கோப்பை அரையிறுதி. கப்டிலின் த்ரோவில் ரன் அவுட் ஆனாரே, நம்மில் பலர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்த அந்த மேட்ச்தான். அங்கிருந்து ஐந்து வருடம் ஓடிவிட்டது. 90 டெஸ்ட், 350 ஒருநாள், 98 டி20 என்று மொத்தம் 538 சர்வதேசப் போட்டிகள் ஆடி, மூன்று ஐசிசி கோப்பைகளைத் தூக்கிய மனிதர் 'அன்கேப்டு' பட்டியலில் உட்கார்ந்தார். மீம் கிரியேட்டர்களுக்கு அன்றைக்கு தீபாவளி. நிஜமாகவே அது 2024 அக்டோபர் 31, தீபாவளி நாள்தான்.

காமெடியை விடுங்க. இந்த விதி இல்லாமல் இருந்திருந்தால் குறைந்தபட்சம் 11 கோடி ஸ்லாட் ஒன்றை அவருக்காகச் செலவழிக்க வேண்டி வந்திருக்கும். இல்லையென்றால் ஏலத்தில் விட்டுவிட்டு மல்லுக்கட்டியிருக்க வேண்டும். அந்த வகையில் 4 கோடி என்பது சென்னைக்குக் கிடைத்த தள்ளுபடி விலை.

எத்தனை ரன் இல்லை ப்ரோ... எத்தனை பந்து?

இப்போது மைதானத்துக்குள் வருவோம். சண்டை போடும் இரண்டு தரப்புமே ரன்னைத்தான் பேசுகிறார்கள். பந்தைக் கவனிப்பதில்லை. மூன்று சீசன்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

2023: மொத்தம் 57 பந்துகள், 104 ரன்கள். ஸ்ட்ரைக் ரேட் 182.
2024: மொத்தம் 73 பந்துகள், 161 ரன்கள். ஸ்ட்ரைக் ரேட் 220.
2025: மொத்தம் 145 பந்துகள், 196 ரன்கள். ஸ்ட்ரைக் ரேட் 135.

புரிகிறதா? முதல் இரண்டு சீசன்களில் ஒரு இன்னிங்ஸுக்கு ஐந்து முதல் ஏழு பந்துகள்தான் அவர் சந்தித்தார். கடைசி ஓவரில் வருவார், ரெண்டு சிக்ஸ் வைப்பார், போய்விடுவார். 2024 ஏப்ரல் 14-ம் தேதி வான்கடேயில் ஹர்திக் பாண்டியாவின் பந்துகளைத் தொடர்ந்து மூன்று முறை ஸ்டாண்டுக்கு அனுப்பினாரே, 4 பந்தில் 20 ரன், அதுதான் அவருடைய வேலை. அந்த மேட்ச்சில் சென்னை ஜெயித்த வித்தியாசமும் சரியாக 20 ரன்கள்.

2025-ல் ஒரு இன்னிங்ஸுக்கு 11 பந்துகள். ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரன் கூடியிருக்கிறது, ஆனால் வேகம் பாதிக்குக் கொஞ்சம் மேலே என்ற அளவுக்கு விழுந்துவிட்டது. காரணம் எளிது. ஐந்து பந்துகள் விளாச 43 வயது உடம்பு ஒத்துழைக்கும். பத்து ஓவர் நின்று, ஒன்றை இரண்டாக்கி, ஸ்பின்னரைத் தள்ளி ஆடி, கடைசியில் விளாசுவது வேறு வேலை. அதற்கு முட்டி வேண்டும். 2023 கோப்பையை ஜெயித்த சில நாள்களிலேயே அறுவை சிகிச்சைக்குப் போன முட்டி அது.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. 2025 மார்ச் 30-ல் குவாஹாட்டியில் ராஜஸ்தானிடம் தோற்ற பிறகு, பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங்கே பத்திரிகையாளர்களிடம் உடைத்துச் சொன்னார்: தோனியின் உடம்பும் முட்டியும் பழையபடி இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஆட முடியாது, அன்றன்றைக்கு நிலைமையைப் பார்த்துத்தான் இறங்குவார் என்று. ஒரு அணியின் கோச் தன் மிகப் பெரிய நட்சத்திரத்தைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது அபூர்வம்.

அடுத்த வாரமே அதற்கு சாட்சி கிடைத்தது. ஏப்ரல் 5, சேப்பாக்கம், டெல்லிக்கு எதிராக 184 ரன் இலக்கு. 11-வது ஓவரில் 74-க்கு 5 விக்கெட். வேறு வழியில்லாமல் தோனி சீக்கிரமே வந்தார். அவரும் விஜய் சங்கரும் கடைசிவரை அவுட்டாகவில்லை. தோனி 26 பந்தில் 30. ஆனால் சென்னை 25 ரன்னில் தோற்றது. விக்கெட் விழாமலேயே ஒரு மேட்ச் மெதுவாக நழுவிப் போனதைப் பார்த்தோம்.

ஒன்பது நாள் கழித்து லக்னோவில் அப்படியே தலைகீழ். கடைசி ஐந்து ஓவர் வாக்கில் இறங்கி 11 பந்தில் 26, வெற்றி, ஆட்ட நாயகன் விருது. ஐபிஎல்லில் அந்த விருதை வாங்கிய மிக மூத்த வீரர் அவர்தான். மேடையில் அவரே, 'எனக்கு ஏன் கொடுக்கிறார்கள், நூர் அகமது நன்றாகப் போட்டாரே' என்ற தொனியில்தான் பேசினார்.

ஆக, 2025-ல் அவர் திடீரென மோசமாகிவிட்டார் என்பதைவிட, அவருக்குப் பொருந்தாத வேலை அவர் தலையில் விழுந்தது என்பதுதான் சரி.

கடைசி இடத்துக்கு யார் காரணம்?

அந்த வேலை ஏன் அவர் தலையில் விழுந்தது? மேலே ஆடியவர்கள் ஆடவில்லை. 3.40 கோடிக்கு வாங்கிய ராகுல் திரிபாதி ஐந்து ஆட்டங்களில் 55 ரன். 9.75 கோடிக்கு ஊருக்குத் திரும்பிய நம்ம அஸ்வின் ஒன்பது ஆட்டங்களில் 7 விக்கெட். சீசன் முடிந்து ஆகஸ்ட்டில் ஐபிஎல்லில் இருந்தே விடைபெற்றுவிட்டார். கேப்டன் ருதுராஜ் முழங்கை காயத்தால் பாதியிலேயே வெளியே. கேப்டன் பொறுப்பு மறுபடி தோனியிடம் வந்த முதல் மேட்ச்சில், ஏப்ரல் 11, சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 103 ரன்தான் அடித்தார்கள். 10.1 ஓவரில் கதை முடிந்தது.

சொந்த மண்ணில் ஆறு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் மும்பையை ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு ஐந்தும் தோல்வி. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் சென்னையை ஜெயிக்காத பெங்களூரு வந்து ஜெயித்துவிட்டுப் போனது.

இதற்கெல்லாம் 4 கோடி காரணமா? இல்லை. 10 கோடி நூர் அகமது 24 விக்கெட் எடுத்தார். மாற்று வீரராக 30 லட்சத்துக்கு வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே ஏழு ஆட்டங்களில் 240 ரன் விளாசினார். இன்னொரு மாற்று வீரர் டெவால்ட் பிரெவிஸ் 2.20 கோடி. அதாவது ஏலத்தில் அனுபவசாலிகளைத் தேடித் தேடி வாங்கிய திட்டம் தோற்றது. வேறு வழியில்லாமல் பாதியில் கூட்டிவந்த பொடிப்பசங்கதான் மானத்தைக் காப்பாற்றினார்கள்.

ஆனால், அந்த ஏலத் திட்டத்துக்குப் பின்னால் ஒரு மனநிலை இருக்கிறது. 'முப்பத்தைந்தைத் தாண்டியவர்களும் இங்கே வந்தால் ஜொலிப்பார்கள்' என்று சென்னை பல வருடங்களாக நம்பியது. 2018-ல் 'டாடீஸ் ஆர்மி' என்று கிண்டல் செய்தபோது கோப்பையை வாங்கிக் காட்டினார்கள். ஜெயித்த பழக்கத்தை விடுவது கஷ்டம். அந்த நம்பிக்கையின் முகம் தோனி.

விசில் போட்டது நாமதானே?

இங்கே கொஞ்சம் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சேப்பாக்கத்தில் ஏழாவது இடத்தில் ஜடேஜா ஆடிக்கொண்டிருப்பார். அவர் அவுட் ஆனால் அடுத்தது தோனி. ஸ்டேடியமே அவருடைய விக்கெட்டுக்காகக் காத்திருக்கும். விழுந்ததும் காது கிழியும் சத்தம். சொந்த அணியின் விக்கெட் விழுந்ததற்கு! 2023-ல் ஜடேஜாவே ஒரு பேட்டியில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்: நான் மேலே இறங்கினால், எப்போது அவுட் ஆவேன் என்று ரசிகர்கள் காத்திருப்பார்கள் என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்த இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் சிரிப்பு வருமா?

அதே ஜடேஜாதான் அந்த வருட ஃபைனலில் கடைசி இரண்டு பந்தில் 6, 4 அடித்து ஐந்தாவது கோப்பையை வாங்கிக் கொடுத்தார். தோனி அந்த மேட்ச்சில் முதல் பந்திலேயே அவுட்.

2025 மார்ச் 28-ல் பெங்களூருவுக்கு எதிராகத் தோனி ஒன்பதாவது இடத்தில், அஸ்வினுக்கும் பிறகு இறங்கினார். 16 பந்தில் 30 நாட் அவுட். ஸ்டேடியம் துள்ளியது. சென்னை 50 ரன்னில் தோற்றது. ரீல்ஸில் ஓடியது சிக்ஸ் மட்டும்தான். தோல்வி ஸ்கோர்கார்டில் தங்கிவிட்டது. அணிக்காகக் கத்துகிறோமா, ஒரு ஆளுக்காகக் கத்துகிறோமா என்று கேட்டால் நேர்மையான பதில் நமக்குத் தெரியும்.

கணக்கில் வராத செலவு

நாலு கோடியை ஒரு வீரருக்குக் கொடுப்பதில் பெரிய இழப்பு இல்லை. ஆனால் பதினொரு பேரில் ஒரு இடம் என்பதற்கு விலையே கிடையாது. தோனி வெறும் ஃபினிஷர் இல்லை, விக்கெட் கீப்பர். அணியில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கும் வேலை அது.

அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்ற ஒருவரின் கதையைக் கேளுங்கள். கோயம்புத்தூர்க்காரர் நாராயண் ஜெகதீசன். 2018 முதல் சென்னை அணியில் இருந்தார். கீப்பர், பேட்ஸ்மேன். ஐந்து சீசன்களில் அவருக்குக் கிடைத்தது ஏழே ஏழு ஆட்டங்கள். 2022 நவம்பர் 15-ல் சென்னை அவரை விடுவித்தது. நவம்பர் 21-ம் தேதி விஜய் ஹசாரே கோப்பையில், அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277 ரன் அடித்தார். லிஸ்ட் ஏ கிரிக்கெட்டில் தனிநபர் அதிகபட்சமாக உலக சாதனை. தொடர்ச்சியாக ஐந்தாவது சதம் வேறு.

அதற்குப் பிறகு கொல்கத்தா அவரை 90 லட்சத்துக்கு வாங்கியது, அங்கே பெரிதாக எடுபடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோனி இல்லையென்றால் ஜெகதீசன் சூப்பர் ஸ்டார் ஆகியிருப்பார் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 22 வயதில் வந்து 26 வயதில் போகிறவரைக்கும், வலைப்பயிற்சியில் நின்று தண்ணீர் பாட்டில் தூக்கிய அந்த ஐந்து வருடங்களுக்கு எந்த ஏலத்திலும் விலை கிடையாது. 2025-ல் பண்டுக்குக் காயம் ஏற்பட்டபோது இங்கிலாந்து சென்ற இந்திய டெஸ்ட் அணிக்கு அழைக்கப்பட்டார். காத்திருந்தவர் வீணாகிவிடவில்லை. ஆனால் நல்ல வயதில் பாதி, வெளியே உட்கார்ந்தே கழிந்தது.

சுற்றிப் பார்த்தால், நம்ம ஊர்ப் பசங்க எங்கெங்கோ ஜொலிக்கிறார்கள். சென்னைக்காரர் சாய் சுதர்சன் 2025-ல் 759 ரன்னோடு ஆரஞ்சு தொப்பி வாங்கியது குஜராத்துக்காக. வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவுக்கு. இதற்கெல்லாம் தோனி காரணம் என்றால் அது அநியாயம். ஆனால் பழைய ஆள்களை நம்பும் ஒரு அணி, புது ஆள்களைத் தேடும் பழக்கத்தை மெதுவாக இழந்துவிடும். அதுதான் நிஜமான செலவு.

அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு கதை

இந்தப் பஞ்சாயத்து நமக்கு மட்டுமானது இல்லை. பேஸ்பாலில் ஆல்பர்ட் பூஹோல்ஸ் என்று ஒரு அடிதடி மன்னன். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 11 சீசன்கள், இரண்டு சாம்பியன் பட்டங்கள். 32 வயதாகப் போகிற நேரத்தில், 2011 டிசம்பரில், ஏஞ்சல்ஸ் அணி அவரைப் பத்து வருட ஒப்பந்தத்தில் 24 கோடி டாலருக்கு வளைத்தது.

என்ன ஆச்சு? வயது ஏறியது, கால் வலித்தது, அடி குறைந்தது. சம்பளம் மட்டும் வருடா வருடம் ஏறியது. அவர் இருந்தவரை ஏஞ்சல்ஸ் ஒரே ஒரு முறைதான் பிளே ஆஃப் போனது, அங்கேயும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கடைசி வருடம் முடிவதற்குள், 2021 மே மாதம், அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அத்தோடு கதை முடிந்ததா? இல்லை. 2022-ல் பழைய கார்டினல்ஸ் அணி 25 லட்சம் டாலருக்கு, ஒரே ஒரு வருடத்துக்கு, அவரைத் திரும்பக் கூப்பிட்டது. ஃபீல்டிங் செய்யாமல் பேட் மட்டும் பிடிக்கும் வீரருக்கான விதி அந்த வருடம்தான் எல்லா அணிகளுக்கும் நிரந்தரமாக வந்தது. முழுநேரம் ஆடவிடாமல், அவருக்குத் தோதான பந்து வீச்சாளர் வரும்போது இறக்கினார்கள். 42 வயதில் 24 ஹோம் ரன், மொத்தம் 703. ஊரே எழுந்து நின்று வழியனுப்பியது.

ஒரே மனிதர். ஒரு ஒப்பந்தம் கேலிக்கூத்து, இன்னொன்று திருவிழா. இரண்டுக்கும் வித்தியாசம் மூன்றே விஷயம்: குறைந்த விலை, குறைந்த வேலை, முடிவுத் தேதி. முதலாவதைச் சென்னை சரியாகச் செய்துவிட்டது. இரண்டாவதில் 2025-ல் சறுக்கியது. மூன்றாவது? அதுதான் இன்னும் யாருக்கும் சொல்லப்படவில்லை. 2025 கடைசி ஆட்டம் முடிந்ததும், முடிவெடுக்க நான்கைந்து மாதம் இருக்கிறது, அவசரமில்லை என்று சொல்லிவிட்டு ராஞ்சிக்குப் போனார் தோனி.

கல்லாப்பெட்டி என்ன சொல்லுது?

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் விவாதமே இல்லை. ஹௌலிஹான் லோக்கி நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2024-ல் சி.எஸ்.கே பிராண்டின் மதிப்பு 23.1 கோடி டாலர். கடைசி இடத்தில் முடித்த 2025-ல் 23.5 கோடி டாலர். தோற்றாலும் ஏறியது. ஆனால் அதே பட்டியலில் முதல் இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு இறங்கிவிட்டது. முதல் கோப்பையை ஜெயித்த பெங்களூரு முதல் இடம். பழைய பாசம் சரியாமல் பிடித்துவைக்கும். மேலே ஏற்றிவிடுவது வெற்றிதான்.

இன்னொரு பக்கம், காசு கொடுக்கிறவர்கள் நாம். 2025-ல் சேப்பாக்கத்தில் ஆரம்ப டிக்கெட்டே 1,700 ரூபாய். மதுரையிலிருந்து ரயில் ஏறி, சுமார் 490 கிலோமீட்டர் போய், வெயிலில் வரிசையில் நின்று பார்க்கிற ஒரு தம்பிக்கு அது ஒரு மாதச் சேமிப்பு. அவன் போவது புள்ளிப் பட்டியலைப் பார்க்க அல்ல. ஒரு தடவையாவது அவரை நேரில் பார்க்க. 2025 அக்டோபரில் சிந்தாமணி பக்கம் வேலம்மாள் கிரிக்கெட் ஸ்டேடியத்தைத் திறந்துவைக்க தோனி மதுரைக்கு வந்த நாளில், விமான நிலையத்திலேயே கூட்டம் எப்படி இருந்தது என்று நம்ம ஊர் ஸ்டேட்டஸ்களில் பார்த்தோமே. அந்த அன்பைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் ஸ்டேடியத்தைத் திறந்துவைப்பது ஒருவர் என்றால், அதில் ஆடப்போவது வேறு யாரோ. திருநகரிலும் பசுமலையிலும் டென்னிஸ் பந்தை விட்டுவிட்டுத் தோல் பந்தைப் பிடிக்கிற பசங்களுக்கு, தோனி ஒரு கனவைக் கொடுத்தார். அவர்களுக்கு இப்போது வேண்டியது ஒரு இடம்.

சரி, தீர்ப்பு என்ன?

2025-க்கு 4 கோடி கொடுத்தது தப்பில்லை. அந்த விலைக்கு ஒரு ஃபினிஷர், மும்பைக்கு எதிராகக் கண் இமைப்பதற்குள் சூர்யகுமாரை ஸ்டம்பிங் செய்த ஒரு கீப்பர், ருதுராஜ் காயமானதும் பொறுப்பேற்க ஒரு கேப்டன், நிரம்பி வழியும் ஸ்டேடியம். லாபம்தான். தப்பு எங்கே என்றால், அவரைக் குறைவாகச் சார்ந்திருக்க வேண்டிய வருடத்தில் அதிகமாகச் சார்ந்திருந்ததில். அவருக்கு அடுத்தவரைத் தயார் செய்யாமல் விட்டதில்.

2026-க்கு அதைச் சரிசெய்ய ஆரம்பித்திருப்பது தெரிகிறது. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, கீப்பரும் பேட்ஸ்மேனுமான சஞ்சு சாம்சனைக் கூட்டிவந்துவிட்டார்கள். டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்று இரண்டு இளம் பசங்களுக்குத் தலா 14.20 கோடி. அன்கேப்டு வீரர்களுக்கு ஏலத்தில் கிடைத்த மிகப் பெரிய தொகை. இதில் கார்த்திக்கும் கீப்பர். 'டாடீஸ் ஆர்மி' இப்போது பேரப்பிள்ளைகளை வாங்கியிருக்கிறது.

அப்படியென்றால் இந்த முறை அந்த 4 கோடியை எடைபோட புதுத் தராசு வேண்டும். தோனி எத்தனை சிக்ஸ் அடித்தார் என்று எண்ணாதீர்கள். இதைக் கவனியுங்கள்: 15-வது ஓவருக்கு முன்னால் அவர் இறங்க வேண்டிய நிலை எத்தனை முறை வந்தது? கிளவுஸை அடுத்தவரிடம் எத்தனை ஆட்டங்களில் கொடுத்தார்? கடைசி ஓவரில் 15 ரன் தேவைப்படும்போது, அவர் டக் அவுட்டில் உட்கார்ந்திருக்க, இருபது வயதுப் பையன் ஒருவனை நம்பி அனுப்பினார்களா?

இதற்கெல்லாம் பதில் நல்லபடியாக வந்தால், ஒரு ரன்கூட அடிக்காவிட்டாலும் அந்த 4 கோடி வசூல். வராவிட்டால், 300 ஸ்ட்ரைக் ரேட்டில் அடித்தாலும் நஷ்டம்தான்.

நம்ம பங்குக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை அந்தச் சின்னப்பையன் அவுட்டாகி, தலையைத் தொங்கப்போட்டு நடந்து வரும்போது, அடுத்து வருவது யாராக இருந்தாலும் சரி, விசிலைக் கொஞ்சம் தாமதமாக அடிப்போம். அவன் எல்லைக்கோட்டைத் தாண்டுகிற வரைக்குமாவது.